12 முதல் 15 வயது மாணவர்களின் சேர்ந்திசைக் குழுவுக்குப் பாடல் தேர்வு செய்வது எப்படி?

குழுவில் 32 பேர், அதில் பையன்கள் 9 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு குரல் பாடல் (பெண்களுக்கு இரண்டு வரி, ஆண்களுக்கு இரண்டு வரி) எடுக்கலாமா, வம்பு வேண்டாமென்று எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிற பாடலாகப் போய்விடலாமா, பாட்டை மாணவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் இரண்டுமே வேண்டாம் என்பேன். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

குழுவை முதன்முதலில் எடுத்துக்கொண்ட வருடம், பெரியவர்கள் பாடிய ஒரு நான்கு குரல் பாடலின் ஒலிப்பதிவில் மயங்கி, பிள்ளைகளின் குரலை ஒருமுறைகூடக் கேட்காமல் அதையே எடுத்துவிட்டேன். ஆரம்பத்தில் ஓடியது. நான்கு மாதம் போனதும் டெனர் வரி, அதாவது ஆண்களின் மேல் வரி, காணாமல் போனது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். சோம்பேறித்தனம் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் திட்டினேன். ஒத்திகை முடிந்ததும் தனியாக வந்தான். "சார், காலையில ஒரு குரல் வருது, மத்தியானம் வேற குரல் வருது. எதுல பாடணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்கு மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் மாறுவது, உடைந்துகொண்டிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும், அது என் பாடல் தேர்வையே தலைகீழாக்கும் என்பதுதான் தெரியாது.

அடுத்த வருடம் உஷாராகி, எல்லோருக்கும் ஒரே மெட்டு என்று எளிய பாடலாக எடுத்தேன். பையன்கள் இன்னும் மோசமாகப் பாடினார்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாடல் தேர்வின் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

1 கட்டை சுருதி (கீபோர்டில் C), சங்கராபரணம், மெட்டு நடு ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பாடுவது நடு ஸ்தாயி. குரல் மாறிக்கொண்டிருக்கும் நடுக்கட்டத்துப் பையனுக்குக் கீழே மந்திர (கீழ் ஸ்தாயி) ம, மேலே நடு ஸ்தாயி த, அவ்வளவுதான் எல்லை. பெண்களோடு பாடினால் மேலே நி-யும் ஸ-வும் வராது. சரி, ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடச் சொன்னால் ஸ, ரி, க மூன்றும் வராது. மெட்டு முழுவதையும் பாட அவனுக்கு எந்த இடத்திலும் வழியில்லை. பாதி வரியில் மேலே தாவுவான், பாதியில் கீழே விழுவான், கடைசியில் வாயை மட்டும் அசைப்பான். நாம் அவனுக்கு ஸ்ருதி ஞானம் இல்லை என்று எழுதி வைத்துவிடுவோம்.

ஆகவே குரல்கள் பிரிய வேண்டும், ஆனால் நான்காக அல்ல. 9 பையன்களை டெனர், பாஸ் (ஆண்களின் கீழ் வரி) என்று உடைத்தால் வரிக்கு நாலைந்து பேர். அந்த வயதில் அசல் டெனரும் அசல் பாஸும் அபூர்வம் வேறு. பெண்களுக்கு இரண்டு வரி, பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி என்று மூன்று குரலில் அமைந்த பாடல்களைத் தேடுங்கள். அந்த மூன்றாவது வரி, மேலே சொன்ன அதே கணக்கில், மந்திர ம முதல் நடு ரி வரைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அந்த ஆறு ஸ்வரங்கள்தான் குரல் பாதி மாறியவனுக்கும் புதிதாகத் தடித்தவனுக்கும் பொதுவான இடம். இன்னும் மாறாத பையன் இருந்தால் தயங்காமல் பெண்கள் வரியில் நிறுத்துங்கள், ஆனால் பையன்கள் பக்கத்திலேயே நிற்கட்டும். அவனைப் பெண்கள் நடுவில் நிற்க வைத்தால் அடுத்த வாரம் குழுவிலேயே இருக்க மாட்டான்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. மாறும் குரலுக்கென்று தனி வரி எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் இசைப் பேராசிரியர் இர்வின் கூப்பர் வெகுகாலம் முன்பே வாதாடினார். அந்தக் குரலுக்குக் கேம்பியாட்டா என்று பெயர், அந்தச் சொல்லை வைத்துத் தேடினால் இப்படி அமைத்த பாடல்கள் கிடைக்கும். 1970களில் ஜான் குக்ஸி என்ற இசைக் கல்வி ஆய்வாளர், குரல் எந்தப் படிகளில் இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் எல்லை எவ்வளவு என்று வகைப்படுத்தினார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு கைவேலை: பையனை 20-லிருந்து பின்னோக்கிச் சாதாரணமாக எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கீபோர்டில் பிடியுங்கள். பாடக்கூடிய அடிமட்ட ஸ்வரம் பெரும்பாலும் அதற்கு மூன்று நான்கு அரைச்சுரம் கீழேதான் இருக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "பாடு" என்றால் வெட்கப்படுகிறவன் "எண்ணு" என்றால் எண்ணிவிடுவான். பாடல் தேடும் முன் இதைச் செய்யுங்கள், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்யுங்கள். பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள், அழிக்க வேண்டி வரும்.

பெண்களின் குரலும் இந்த வயதில் மாறுகிறது, அதை யாரும் பேசுவதில்லை. அவ்வளவாக இறங்காது, ஆனால் காற்று கலந்து வரும், சில நாள் மேல் ஸ்வரங்கள் தடுக்கும். இதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணை நிரந்தர ஆல்ட்டோ (பெண்களின் கீழ் வரி) ஆக்கிவிடாதீர்கள். இரண்டு வரியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிற பாடலாக எடுத்தால், பாட்டுக்குப் பாட்டு இடம் மாற்றலாம்.

தாளைப் புரட்டும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது உச்ச ஸ்வரத்தை. நான் அதைவிட, மெட்டு அதிக நேரம் எங்கே குடியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். மேல் ரி ஒரே ஒரு இடத்தில், ஆகாரத்தில், மூச்சு எடுக்க இடம் விட்டு வந்தால் பிள்ளைகள் தாவிப் பிடித்துவிடுவார்கள். பதினாறு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நி-யிலேயே தொங்கினால் அந்தப் பாட்டு வேண்டாம். உச்சியில் ஈ, இ வந்தால் தொண்டை இறுகும். சுருதியை ஒரு கட்டை இறக்கிவிடலாமே என்று தோன்றும். பையன்களுக்காக இறக்கினால் பெண்கள் குரல் மங்கிவிடும், ஆதலால் மூன்று வரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

அப்புறம் குரல்கள் எப்படிப் பிரிகின்றன என்பது. மெட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாம் ஸ்வரத்தில் ஒட்டிப் போகும் இரண்டாம் குரல் தாளில் எளிதாகத் தெரியும், பாடும்போது காது மெட்டின் பக்கமே சரியும். அதைவிட, ஒரே மெட்டை இரண்டு ஆவர்த்தனம் தள்ளிப் பின்தொடரும் கேனன், அல்லது திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு, இவை புதுக் குழுவுக்கு வெகு சீக்கிரம் பிடிபடும். வாயை மட்டும் அசைத்த அந்தப் பையனுக்கும் அப்படித்தான் ப, த, நி, ஸ என்று நான்கே ஸ்வரத்தில் ஒரு துணுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் மற்ற பையன்களும் அவன் வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வரிகளை மெட்டில்லாமல் ஒருமுறை வகுப்பில் உரக்கப் படியுங்கள். எங்கே சிரிப்பு கிளம்புகிறதோ அங்கே மேடையிலும் கிளம்பும். குழந்தைப் பாட்டு என்று தோன்றினால் இந்த வயது உடனே முகம் சுளிக்கும். உருகி உருகிக் காதல் சொல்லும் வரியை நண்பர்கள் முன்னால் பாடச் சொன்னாலும் நெளியும்.

மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டுமா என்றால், தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் வடிகட்டிய மூன்று பாடல்களுக்குள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி ஓட்டு எடுக்காதீர்கள், என்னைப் போலவே ஏமாறுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை இருபது நிமிடம் பாட வையுங்கள். அதற்குள் தட்டுத்தடுமாறியாவது கடைசிவரை போக முடியாத பாட்டை நீங்களே எடுத்துவிடுங்கள். மீதியில் எதை வகுப்பு முடிந்து வாசலைத் தாண்டும்போது முணுமுணுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கை தூக்கி ஓட்டு எடுக்க வேண்டிய அவசியமே எனக்கு இதுவரை வந்ததில்லை.