சகலின் ஹஸ்கி குட்டி கிடைக்குமா?

கேள்வி: டோக்கியோ உவேனோ அருங்காட்சியகத்தில் 'ஜிரோ' என்ற நாயின் பாடம் செய்த உடலைப் பார்த்தோம். அந்த இனக் குட்டி எங்காவது கிடைக்குமா? டொரன்டோவில் எங்கள் வீட்டில் ஒரு வயது அலாஸ்கன் மலமியூட் இருக்கிறான். கோடையில் அவன் முடியை மழித்துவிடலாமா? அந்தக் காலத்து நாய்கள் காய்ந்த மீன் தின்றுதான் வலுவாக இருந்தனவாம். கருவாடு கொடுக்கலாமா?

பதில்: குட்டி தேட வேண்டாம். சகலின் ஹஸ்கி ஏறக்குறைய அழிந்துவிட்ட இனம். யாராவது விற்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஜப்பானுக்கு வடக்கே, இன்று ரஷ்யாவிடம் உள்ள சகலின் தீவில் நிவ்க், ஐனு என்னும் பழங்குடி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்கள் இவை. 1910இல் புறப்பட்ட ஜப்பானியர் ஷிராசேயின் அண்டார்டிகா பயணத்துக்கே இவற்றைக் கொண்டுபோனார்கள். ஜிரோவின் கதை பிற்பாடு நடந்தது. 1958 பிப்ரவரியில் மோசமான வானிலையால் அண்டார்டிகாவில் உள்ள ஜப்பானின் ஷோவா ஆய்வு நிலையத்துக்கு அடுத்த குழு போய்ச் சேர முடியவில்லை. அவர்களுக்காக முந்தைய குழு விட்டுவந்த 15 நாய்கள் சங்கிலியோடு அங்கேயே விடப்பட்டன. ஏழு கட்டிய இடத்திலேயே செத்தன, ஆறு காணாமல் போயின. 1959 ஜனவரியில் திரும்பிப் போனவர்கள் டாரோ, ஜிரோ இரண்டையும் உயிரோடு கண்டார்கள். இத்தனை உரம் படைத்த இனமும் மோட்டார் வண்டிகள் வந்து இழுக்கும் வேலை போனதும் நிலைக்கவில்லை.

வண்டி இழுக்கும் இனமான உங்கள் மலமியூட்டுக்கும் முதல் தேவை வேலைதான். சும்மா கிடந்தால் தோட்டத்தைத் தோண்டுவான், வேலி தாண்டுவான், ஊளையிடுவான். இதைக் குறும்பு என்று திட்டுவதில் பயனில்லை. இப்போதைக்கு நீண்ட நடை போதும். ஒன்றரை வயதுக்குப் பிறகு, இடுப்பு மூட்டை மருத்துவர் பார்த்துச் சரியென்றால், இழுப்பதற்கென்றே தைத்த சேணம் மாட்டிச் சிறு பாரம் இழுக்கப் பழக்கலாம். கழுத்துப்பட்டையில் கட்டி இழுக்கவிடக் கூடாது. சாப்பிட்ட கையோடு ஓடவிடுவதும் ஆபத்து, வயிறு உப்பித் திருகிக்கொள்ளும்.

முடியை மழிக்கவே மழிக்காதீர்கள். மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். உதிரும் பருவத்தில் தினமும் உள்முடியைச் சீவி எடுங்கள், காற்று தோல்வரை போகும். டொரன்டோவின் புழுக்கமான ஜூலையில் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் நடை. பகலில் குளிர்ந்த தரை, மின்விசிறி அல்லது ஏசி, நிறையத் தண்ணீர். இரைப்பு அடங்காமல் எச்சில் கொட்டித் தள்ளாடினால், உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

கருவாடு வேண்டாம். சகலினில் சால்மனைக் காற்றில் உலர்த்துவார்கள். நம் கருவாட்டிலோ உப்பு மிகுதி. பச்சை சால்மனும் கூடாது, பசிபிக் கரை மீனிலுள்ள ஒட்டுண்ணி வழியாக நாயைக் கொல்லும் நோய் வரும். வேகவைத்து முள் நீக்கிய மீன் எப்போதாவது கொஞ்சம் கொடுக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மலமியூட், சைபீரியன் ஹஸ்கி இரண்டிலும் சில நாய்களின் உடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது. கண், வாயைச் சுற்றியும் பாதத்திலும் பொருக்கு கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகத் துத்தநாக மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் அது விஷம்.