எந்தப் புறநகரில் குடியேறலாம்?

கேள்வி: மாற்றலாகிப் புது நகரத்துக்குப் போகிறோம். மூன்று புறநகர்ப் பகுதிகள் மனதில் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கிலோமீட்டரை விடுங்கள், நிமிடத்தைக் கணக்கிடுங்கள். வார நாளில், வேலைக்குப் போகும் நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடினால், 22 வேலை நாளில் கிட்டத்தட்ட 15 மணி நேரம் சாலையிலேயே கரையும். வாடகையில் மிச்சமாவது அதற்கு ஈடாகுமா?

இரவு ஒன்பதுக்கு மேல் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். மழைக்கு மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. மதில் சுவர்களில் முழங்கால் உயரத்தில், ஒரே மட்டமாகப் பழுப்புக் கறை ஓடினால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால், கறையை மறைத்திருக்கலாம்! எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், தரகர் சொல்ல மாட்டார்.

பிள்ளைகள் இருந்தால், பள்ளியில் இடம் கிடைப்பதை உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள். சொந்த வீடு இப்போது வேண்டாம். முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள்.