மரண விசாரணைப் பதிவுகளில் முன்னோரைத் தேடுதல்: கேள்வி பதில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விபத்திலோ, திடீரென்றோ, காரணம் தெரியாமலோ நேரும் மரணங்களை விசாரிப்பவர் கொரோனர். 1194இல் ஏற்பட்ட பதவி அது. அந்த விசாரணைப் பதிவுகளைக் குடும்ப வரலாற்றுக்குப் பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மனைவி ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1891இல் டர்ஹம் பகுதி நிலக்கரிச் சுரங்கமொன்றில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் கொரோனரின் பெயரும் விசாரணைத் தேதியும் மட்டுமே உள்ளன. விசாரணைக் கோப்பை எங்கே கேட்பது?

பதில்: கோப்புக்கு முன்னால் செய்தித்தாளைத் தேடுங்கள். 15 ஆண்டுகளைக் கடந்த கொரோனர் கோப்புகளில், 1875க்கு முந்தையவற்றையும் முக்கியத்துவம் வாய்ந்தவற்றையும் தவிர மற்றவற்றை அழித்துவிடலாம் என்று விதி இருந்ததால், நீங்கள் தேடும் காலத்துக் கோப்புகள் பல மாவட்டங்களில் மிஞ்சவில்லை. மிஞ்சியவை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சான்றிதழ் ஏன் இவ்வளவு வறண்டிருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. வழக்கமாக மரணத்தைப் பதிவுசெய்யச் செல்லும் மனைவியின் அல்லது மகனின் பெயர் அதில் இடம்பெறும். விசாரணை நடந்துவிட்டால் கொரோனரே தகவல் தந்தவராகிவிடுவதால் உறவினர் பெயர் விடுபட்டுப்போகும். விடுபட்ட அந்த உறவினர், உடலை அடையாளம் காட்டிய சாட்சியாகப் பெரும்பாலும் செய்தித்தாளில் கிடைத்துவிடுவார். இறந்தவர் கடைசியாக எப்போது வீட்டை விட்டுப் புறப்பட்டார், அன்று என்ன வேலையில் இருந்தார், பக்கத்தில் நின்றவர் யார் என்பதையெல்லாம் உள்ளூர் நிருபர்கள் வாக்குமூலமாகவே எழுதிவைத்தார்கள். ‘பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்’ இணையதளத்தில், சான்றிதழில் உள்ள விசாரணைத் தேதியிலிருந்து இரண்டு வாரங்கள் வரை தேடுங்கள். வாரப் பத்திரிகைகள் தாமதமாகவே செய்தி போட்டன.

சுரங்க மரணம் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சுரங்க ஆய்வாளர்கள் உயிரிழப்பு விபத்துகளை ஆண்டறிக்கைகளில் பதிந்துவந்தார்கள். வடஇங்கிலாந்துச் சுரங்கங்களில் மாண்டவர்களின் பெயர்களை டர்ஹம் சுரங்க அருங்காட்சியகத்தின் இணையதளம் தொகுத்திருக்கிறது.

கேள்வி: 1780ஆம் ஆண்டளவில் வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு விவசாயியைப் பற்றித் தேடுகிறேன். அவ்வளவு பழைய பதிவு கிடைக்குமா?

பதில்: முழு விசாரணை கிடைக்காவிட்டாலும் அதற்கான கட்டண ரசீது கிடைக்கலாம். 1752 முதல் கொரோனர்களுக்கு ஒரு விசாரணைக்கு ஒரு பவுண்டும், பயணம் செய்த மைலுக்கு ஒன்பது பென்னியும் கொடுக்கப்பட்டன. அந்தப் பணத்தைப் பெற அவர்கள் மாவட்டத்தின் காலாண்டு நீதிமன்றத்தில் கணக்கு ஒப்படைத்தார்கள். அதில் இறந்தவர் பெயர், ஊர், தேதி, பல வேளைகளில் மரணத்தின் காரணமும் காணப்படும். 1860இல் கொரோனர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கப்படும் வரை இந்தக் கணக்குகள் தொடர்கின்றன. பணம் சம்பந்தப்பட்ட காகிதத்தை அரசாங்கம் எளிதில் தொலைப்பதில்லை என்பது நமக்கு ஆதாயம்.

சக்கரம் என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். மரணத்துக்குக் காரணமான பொருளை, அது வண்டியானாலும் குதிரையானாலும், அரசருக்குரியதாக்கி ஜூரிகள் அதற்கு விலை மதிப்பிடும் வழக்கம் 1846 வரை இருந்தது. அதனால் சக்கரத்தின் மதிப்பு எழுதப்பட்டிருந்தால், அதை விவசாயியின் சொத்து மதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1733க்கு முந்தைய விசாரணைப் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. லண்டனில் நடந்த மரணமாக இருந்திருந்தால், வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் 1760 முதல் 1799 வரையிலான விசாரணைகளை ‘லண்டன் லைவ்ஸ்’ தளத்தில் வீட்டிலிருந்தே படித்திருக்கலாம்.

கேள்வி: 1840களில் தற்கொலை செய்துகொண்ட ஒரு முன்னோரைப் பற்றி ‘தற்காலிகப் பைத்தியம்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் மனநோய் இருந்தது என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தத் தீர்ப்பை மட்டும் வைத்துக் குறிக்காதீர்கள். தெளிந்த மனத்துடன் தன்னைக் கொன்றுகொண்டவர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தால் அவருடைய உடைமைகள் அரசுக்குப் போய்விடும். இந்தச் சட்டம் 1870 வரை இருந்தது. 1823க்கு முன் அத்தகையோரைச் சாலையில் புதைத்தார்கள். அதன்பின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தாலும், இரவு ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், சமயச் சடங்கு ஏதுமின்றியே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஜூரிகளோ இறந்தவரின் அக்கம்பக்கத்தார். விதவையும் பிள்ளைகளும் தெருவுக்கு வரக்கூடாது என்று நினைத்தவர்களுக்குப் ‘பைத்தியம்’ என்ற தீர்ப்பே கைகொடுத்தது. ஆகவே சாட்சிகள் சொன்னதைத் தீர்ப்பிலிருந்து பிரித்துப் படியுங்கள். தூக்கமின்மை, கடன், நீண்ட நோய் என்று அவர்கள் விவரித்திருந்தால் அதுவே உங்கள் குறிப்பேட்டில் இடம்பெறத் தக்கது. தண்ணீரில் இறந்தவர்களுக்கு ‘மூழ்கிய நிலையில் காணப்பட்டார்’ என்று மட்டும் எழுதியதிலும் சில சமயம் இதே இரக்கம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: விசாரணை மதுக்கடையில் நடந்ததாகச் செய்தி சொல்கிறது. இறந்தவர் குடிகாரரா?

பதில்: அப்படிப் பொருளில்லை. ஊரில் பெரிய கூடம் இருந்த இடம் அதுதான் என்பதால் விசாரணையும் அங்கேயே நடந்தது. மாறாக, அந்தக் கடையின் பெயர் மரணம் எந்தப் பக்கத்தில் நேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: 1958இல் இறந்தவரின் கோப்பைப் பார்க்க முடியுமா?

பதில்: கொரோனர் பதிவுகள் பொதுவாக 75 ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும். நெருங்கிய உறவினர் என்ற முறையில் அந்தப் பகுதிக் கொரோனர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை. அங்கே கொரோனர் கிடையாது. புரோகியுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர் விசாரிப்பார். இறப்புப் பதிவோடு இணைந்த திருத்தப் பதிவேட்டை முதலில் பாருங்கள். 1895க்குப் பின் வேலையிடத்தில் நேர்ந்த மரணம் என்றால் எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரணைப் பதிவு இருக்கக்கூடும்.

கேள்வி: என் பாட்டனார் சிங்கப்பூரில் கூலித் தொழிலாளியாக இருந்து விபத்தில் இறந்தார். அங்கும் கொரோனர் விசாரணை நடந்திருக்குமா?

பதில்: பிரிட்டிஷ் ஆட்சி அங்கும் கொரோனர் முறையைக் கொண்டுசென்றது, விசாரணைச் செய்திகள் நாளிதழ்களில் வந்தன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில், 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் உட்படப் பல பழைய இதழ்களைத் தேடலாம். ஆனால் பெயரைக் கொண்டு தேடினால் ஏமாற வாய்ப்பு அதிகம். நம் பெயர்களை நிருபர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பல செய்திகளில் ‘ஒரு தமிழர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் வேலை பார்த்த துறைமுகம், தெரு, தோட்டம் ஆகியவற்றின் பெயரையும் இறந்த மாதத்தையும் கொண்டு தேடுங்கள். கிடைத்த செய்தி அவருடையதுதானா என்பதை வயது, தொழில், உடலை அடையாளம் காட்டிய உறவினர் ஆகிய மூன்றிலும் ஒப்பிட்ட பிறகே குடும்ப மரத்தில் சேருங்கள்.