காப்பீட்டு அட்டை இல்லாத சித்திக்கு பைபாஸ்: பணம் கட்டும் முன் என்ன செய்வது?

கேள்வி: என் சித்திக்கு 61 வயது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போவார். நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு; பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் முதலில் ஒரு லட்சம் கட்ட வேண்டுமாம். காப்பீட்டு அட்டை இல்லை. வட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த வட்டிப் பணத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

முதலில் இதய மருத்துவரிடம், "எத்தனை நாள் பொறுக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் எதுவானாலும், திரும்ப வலி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே சிகிச்சை தொடங்க எந்த அட்டையும் வேண்டாம்.

பொறுக்கலாம் என்றால், முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். எப்போதோ போட்டோ எடுத்துப் பதிந்துவிட்டு, அட்டையைத் தொலைத்து, பதிந்ததையே மறந்தவர்கள் ஏராளம். திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் காப்பீட்டுப் பிரிவில் ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காப்பீட்டு எண் கிடைத்தாலே போதும்.

பதியவே இல்லை என்றால், அந்தத் திட்டத்தில் இப்போதே சேர்க்கலாம். ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய்; இப்போது 1,20,000. உங்கள் சித்தி அதற்குள்தான் வருவார். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் அசலும் நகலுமாக எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். போட்டோவுக்கும் கைரேகைக்கும் சித்தி நேரில் வர வேண்டும். பஸ்ஸில் நிற்க வைக்காமல் ஒரு வண்டி பிடித்துக் கூட்டிப் போங்கள்.

ரேகை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஏழைகள் தடுக்கி விழும் இடம் அதுதான். மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது செங்கல் சூளையிலிருந்து ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். சோப்புப் போட்டுக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார். ஒன்றும் விழவில்லை, அத்தனையும் தேய்ந்துபோயிருந்தது. "நான் என்னய்யா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். ஆதார் மையத்தில் கருவிழி வைத்துப் புதுப்பித்த பிறகே வேலை முடிந்தது. அதனால் விரல் விழாவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். கருவிழிப் பதிவு உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

அப்புறம் மருத்துவமனை. திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பைபாஸுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களுக்குக் கண், எலும்பு சிகிச்சைக்கு மட்டுமே இருக்கும். அறுவைக்கு முன்பே அவர்கள் ஆஞ்சியோ, எக்கோ அறிக்கைகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு முன் கையிலிருந்து கட்டும் பணம் திரும்பி வருவது மிகக் கடினம். அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் வந்த பிறகும் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், பொறுக்கக்கூடிய நிலை என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையையும் ஸ்டான்லியையும் விசாரிப்பேன். காத்திருக்க வேண்டி வரலாம். கூட ஒருவர் தங்கியே ஆக வேண்டும். அவருடைய கூலியும் சாப்பாட்டுச் செலவும் எந்தத் திட்டத்திலும் வராது. வட்டிக்குச் சொன்னதில் ஒரு சிறு பகுதியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு சித்தி மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. தனியாக இருப்பவர்கள், "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயர் எழுத வையுங்கள். இதய மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்க வேண்டும். அந்தத் தேதியை நீங்கள் போனில் குறித்து வைத்துக்கொண்டு முதல் நாளே சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.