கடற்கரையில் படரும் அடும்பு என்பது என்ன செடி?

கடலோர மணலில் கொடியாகப் படர்ந்து, இளஞ்சிவப்பு கலந்த ஊதாவில் புனல் போலப் பூக்கும் காட்டுச்செடிதான் அடும்பு. தர்மபுரியில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் அதன் இலையைப் பார்த்தால் ஆட்டுக் குளம்பு நினைவுக்கு வரும். நுனியில் அப்படி ஒரு பிளவு.

சரி, கொதிக்கும் மணலில் எப்படிப் பிழைக்கிறது? தடித்த இலை ஈரத்தைக் காக்கும். தண்டு போகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். நம் காட்டில் சர்க்கரைவள்ளிக் கொடி ஓடுவதும் இப்படித்தான்; இரண்டும் ஒரே குடும்பம். வரப்பு சரியாமல் அருகம்புல் மண்ணைப் பிடிக்கிறதே, அதுபோல அடும்பு மணல்மேட்டைக் காற்றுக்குக் கொடுக்காமல் பிடித்து வைக்கிறது. அதைக் களை என்று பிடுங்குவது எனக்கு வேதனையான காட்சி.

உப்பு இருந்தால்தான் இது வளரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அடும்பு உப்பைத் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.