பெங்களூரில் போலீஸ் மறித்தால் ஊதாமல் தப்பிக்க முடியுமா?

தம்பி, குடித்து ஓட்டுபவர்களைப் பிடிக்கப் போலீஸ் நீட்டும் மெஷினில் ஊத மறுத்துவிட்டால் ஆல்கஹால் அளவு பதிவாகாது, அளவு இல்லாமல் கேஸ் நிற்காது என்று ஆபீஸில் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஊத மறுத்தாலே லைசென்ஸ் முடங்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் இந்தக் கதை கிளம்பியிருக்கலாம். ஆனால் 203-வது பிரிவுப்படி, குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால், சீருடையில் இருக்கும் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊதச் சொல்வார்கள். அங்கேயும் மாட்டேன் என்றால், 204-ன்படி டாக்டர் மூலம் ரத்தம் கேட்பார்கள். தகுந்த காரணமின்றி ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுத்தால், 205-ன்படி அந்த மறுப்பையே கோர்ட் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். அரைகுறையாக ஊதி மெஷினை ஏமாற்றுவதும் உதவாது. கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் விடுவிக்க வேண்டும் என்று 202 சொல்கிறது. அது உங்களுக்குச் சாதகமான விதி.

ஆல்கஹாலுக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 41 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு அது 85-ஐத் தொடும். மணிக்கு 15 அளவில்தான் இறங்கும் என்பதால், ஒரு பாட்டில் குடித்தாலே வரம்புக்குக் கீழே வர நாலு மணி நேரம் போக வேண்டும். காபி, மோர், பான் எதுவும் அதை வேகப்படுத்தாது. மவுத்வாஷ் கொப்பளித்தால் வாயில் மிஞ்சும் ஆல்கஹால் அளவை ஏற்றிக் காட்டும். அப்படி இருந்தால் சொல்லிவிட்டு, 15 நிமிடம் கழித்து ஊதக் கேளுங்கள். புதுக் குழாய் மாட்டுகிறார்களா, ஊதும் முன் மெஷின் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது என்றால் 15,000, 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். டூவீலருக்கும் இதேதான். லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்புவார்கள். குடித்து ஓட்டி வண்டி அடிபட்டால் சொந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது.

குடித்து ஓட்டியதற்கான 185-வது பிரிவுக் கேஸை ரோட்டிலேயே கட்டி முடிக்க வழி கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். யாராவது அங்கேயே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கோர்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டேஷனில் நிற்கும் வண்டியை எடுக்க அதைத்தான் கேட்பார்கள்.