வளர்த்த எனக்குத் தெரியாதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கல்யாணம் ஆகவில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறேன். என் கடைசித் தம்பிக்கு 43 வயது. டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது அம்மாவுக்கு 38 வயது. ‘இருபது வயசைத் தாண்ட மாட்டான், அது வரைக்கும் நல்லா பாத்துக்கங்க’ என்று அப்போது டாக்டர் சொன்னாராம். அம்மா நல்லாத்தான் பார்த்துக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணை மூடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உன்னை விட்டா அவனுக்கு யாரு’ என்று கேட்டார். நான் சத்தியம் செய்தேன். இன்று வரை அதை மீறவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தம்பி இருக்கிறான். கோவையில் நல்ல வேலை, சொந்த வீடு. மாதம் 3,000 ரூபாய் அனுப்புகிறான். அதோடு கடமை முடிந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தால் ஒரு ராத்திரி தங்குவான். அவன் மனைவி ‘கொஞ்ச நாள் நாங்க வெச்சுக்கறோம் அண்ணி’ என்று ஒரு தடவை சொன்னாள். வாய் வார்த்தைக்குச் சொல்வது எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை மாதிரி அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது. அவனுக்கு இட்லியைப் பிய்த்து எண்ணெய் தொட்டுத்தான் கொடுக்க வேண்டும், பொடி ஆகாது. இதெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும்?

ஊரும் அப்படித்தான். ‘பாவம்’ என்று சொல்லாத வாய் கிடையாது, ஒரு கை உதவ ஆள் கிடையாது. உதவித்தொகைக்கு வருஷா வருஷம் இவன் உயிரோடு இருக்கிறான் என்று சான்று கொடுக்க நான்தான் அலைகிறேன். மினி பஸ் கண்டக்டர் ஒருநாள் இவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, ‘பாத்து அனுப்புங்கம்மா, கோயில் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்னுட்டிருந்தாரு’ என்று எனக்குப் புத்தி சொல்கிறான். இருபது வருஷமாக இவன் தனியாகப் போய்வரும் மாரியம்மன் கோயில் அது. அன்றிலிருந்து நான் வெளியே அனுப்புவதில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், சித்திரையில் தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவன், ‘நீ மட்டும் வாக்கா, சம்பந்தி வீட்டுல கொஞ்சம் ஒரு மாதிரி’ என்றான். கூடப் பிறந்தவனை மறைக்கச் சொல்கிறான்! பொங்கலுக்கு வந்தபோதே ஆரம்பித்துவிட்டான். ‘சின்னவன் முன்ன மாதிரி இல்லையேக்கா, டாக்டர்ட்ட காட்டுனியா?’ என்று கேட்டான். வளர்த்த எனக்குத் தெரியாதா? வருஷத்துக்கு ரெண்டு நாள் வருகிறவன் எனக்குச் சொல்கிறான். அடம் கூடிவிட்டது உண்மைதான். பொத்தான்களை நிறம் பிரித்துப் பாட்டிலில் போட்டு வைப்பது அவன் வேலை, ஒருநாளும் தப்பு வராது. இப்போது வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறான். சாயந்திரமானால் என்னைப் பார்த்து ‘நீ யாரு’ என்றுகூடக் கேட்கிறான், விளையாட்டுக்கு. நான் அதட்டினால் சிரிக்கிறான். அதை விடுங்கள், கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமா? இவ்வளவு செய்த எனக்கு இதுதான் மரியாதையா? அந்த 3,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டு உறவையே அறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்வது தப்பா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

கல்யாணத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘நாங்க ரெண்டு பேரும் வர்றோம், இல்லேன்னா ரெண்டு பேரும் வரல’ என்று தம்பியிடம் கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள். கூடப் பிறந்தவரைச் சம்பந்தி வீட்டுக்கு மறைக்க நினைத்தது அவர் செய்த தவறு. அதில் நான் முழுக்க உங்கள் பக்கம்தான்.

இனி, நீங்கள் ‘அதை விடுங்கள்’ என்று எழுதிய இடத்துக்கு வருவோம். என்னால் அதை விட முடியவில்லை.

நாற்பதைக் கடந்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் இருபது வருஷம் போய்வந்த கோயிலுக்கு வழி தவறுகிறார். தப்பே வராத வேலையில் தப்பு வருகிறது. சட்டையைத் திருப்பிப் போடுகிறார். சாயந்திர நேரத்தில், வளர்த்த அக்காவைப் பார்த்து ‘நீ யாரு’ என்கிறார். இது அடமும் இல்லை, விளையாட்டும் இல்லை. அவர் சிரிப்பது உங்களை ஏய்க்க இல்லை. என்ன பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவருக்குப் புரியவில்லை. உங்கள் முகம் கடுமையாவது மட்டும் தெரிகிறது, அதனால் சிரித்துச் சமாளிக்கிறார்.

இது உங்களுக்கும் உள்ளூரத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் எழுதியே இருக்க மாட்டீர்கள். எழுதிவிட்டு, பயந்து, உடனே கல்யாணப் பத்திரிகைக்குத் தாவிவிட்டீர்கள். தம்பி மேல் உள்ள கோபம் உங்களுக்கு ஒரு வகையில் வசதியாக இருக்கிறது. அது இருக்கும்வரை இந்தப் பயத்தின் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

மருத்துவம் சொல்வதைச் சொல்கிறேன். நம் எல்லோருக்கும் 21-ஆவது குரோமோசோம் இரண்டு இருக்கும், உங்கள் தம்பிக்கு மூன்று, அதுதான் டவுன் சிண்ட்ரோம். அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணு அந்த 21-ஆவதில்தான் இருக்கிறது. ஒன்று கூடுதலாக இருப்பதால் அந்தப் படிவு மற்றவர்களைவிட வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு எழுபதில் வருகிற மறதி நோய் இவர்களுக்கு நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வரலாம். எல்லோருக்கும் அந்த வயதில் வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் வரக்கூடும் என்பதை இவர்களோடு வாழ்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே சமயம் இதை மறதி நோய் என்று நீங்களே முடிவுகட்டிவிடவும் கூடாது. இவர்களுக்குத் தைராய்டு குறைவது மிகச் சாதாரணம். அது குறைந்தாலே ஆள் மந்தமாவார், குழம்புவார். காதில் அழுக்கு அடைத்தாலும், கண்புரை விழுந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், குறட்டையில் மூச்சுத் திணறி ராத்திரித் தூக்கம் கெட்டாலும் இதே மாதிரி தெரியும். கோயிலையும் பஸ்ஸையும் நிறுத்திவிட்டீர்களே, அந்த முடக்கத்தால் வரும் மனச்சோர்வும் இப்படித்தான் இருக்கும். இவற்றில் பலவற்றை மாத்திரையிலோ சிறு சிகிச்சையிலோ சரிசெய்துவிடலாம். எது என்று தெரியாமலே ‘அடம்’ என்று அதட்டிக்கொண்டிருப்பதுதான் இப்போது அவருக்கு நடக்கும் பெரிய அநியாயம். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நல்லவளாகத் தெரிவேன், அவருக்கு உதவாதவளாகிவிடுவேன்.

உங்கள் கடிதம் முழுவதிலும் சரியான ஒரே கேள்வியைக் கேட்டவர் யார் என்று பாருங்கள். கோவைத் தம்பி. ‘முன்ன மாதிரி இல்லையேக்கா’ என்றாரே! அவருக்குத் தெரிந்ததன் காரணம், அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வருவதுதான். தீபாவளிக்குப் பார்த்தவரைப் பொங்கலுக்குப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணில் பட்டிருக்கிறது. தினமும் கூடவே இருக்கிற உங்களுக்கு மாற்றம் அன்றாடத்தில் கரைந்துபோயிற்று. அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டு மாதங்களை ஓட்டிவிட்டீர்களே, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கண்டக்டர் விஷயமும் அப்படியே. ஒரு மனிதர் உங்கள் தம்பி இறங்க வேண்டிய இடம் எது என்று தெரிந்து வைத்திருக்கிறார், தவறிப்போனவரைக் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார், ‘நின்னுட்டிருந்தாரு’ என்று மரியாதையாகப் பேசுகிறார். ‘ஒரு கை உதவ ஆள் கிடையாது’ என்று எழுதிய அதே பத்தியில் அந்தக் கையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘கொஞ்ச நாள் நாங்க வெச்சுக்கறோம்’ என்று தம்பி மனைவி சொன்னதும் வாய் வார்த்தையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது நிஜமா என்று பார்க்க நீங்கள் இடம் கொடுக்கவில்லை. எட்டு வருஷம் தனியாகத் தூக்கிய களைப்பில் வந்த கசப்பு இது என்று எனக்குப் புரிகிறது.

அம்மாவுக்குச் செய்த சத்தியத்தைப் பற்றியும் பேச வேண்டும். அம்மா ‘உன்னை விட்டா யாரு’ என்றுதான் கேட்டார். ‘வேறு யாரும் தொடக் கூடாது’ என்று சொல்லவில்லை. நீங்களாகவே அப்படி ஆக்கிக்கொண்டீர்கள். இட்லியை எப்படிப் பிய்க்க வேண்டும் என்பதைக்கூட யாருக்கும் சொல்லித் தரவில்லை. நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் அவருக்கு யார்? விசுவாசம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி, ‘என்னை மாதிரி யாராலும் முடியாது’ என்ற பெருமிதம். அந்தப் பெருமிதத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கான விலையை மட்டும் அவர் கொடுக்கக் கூடாது.

உங்கள் பயத்தின் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம்கூட வேண்டாம் என்று வாழ்ந்த ஒருத்தியை, யாருக்காக வாழ்ந்தாளோ அவரே ‘நீ யாரு’ என்று கேட்கிறார். அது எப்பேர்ப்பட்ட அடி! இத்தனை வருஷமும் என்ன ஆயிற்று என்று மனசு கேட்காமல் இருக்குமா? அந்த அழுகையை ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கிறீர்கள். அழுதுவிடுங்கள். ஆனால் அவர் நினைவில் வைத்திருப்பதற்காக நீங்கள் இதைச் செய்யவில்லை. ஒருவேளை உங்கள் பெயர் அவருக்கு மறந்துபோனாலும், எண்ணெய் தொட்ட இட்லி அன்றும் அவருக்கு வேண்டும்.

ஊரைப் பற்றிய உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 1983 வாக்கில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது என்றுதான் கணக்கிட்டார்கள். இன்று அது 60-ஐத் தொட்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த டாக்டர் சொன்னது அந்தக் காலத்துக் கணக்கு. பிள்ளைகள் அதைத் தாண்டி வாழ்கிறார்கள், நம் இரக்கம்தான் அந்த இருபது வயதிலேயே நின்றுவிட்டது. சிறப்புப் பள்ளி இருக்கிறது, விளையாட்டுப் போட்டி இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மேடையும் பரிசும் இருக்கின்றன. எல்லாம் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான். நரை விழுந்து, பல் ஆடி, வழி மறக்கிற டவுன் சிண்ட்ரோம் மனிதர் ஒருவர் பகலில் போய் உட்கார ஓர் இடம் எத்தனை ஊரில் இருக்கிறது? ‘பாவம்’ என்று சொல்ல யாருக்கும் காசு செலவில்லை. அதனால் நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் குமுறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிலுக்குக் கதவைச் சாத்தினால் அடைபட்டுப் போவது உங்கள் தம்பிதான்.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதலில் பொது மருத்துவர், தைராய்டும் பி12-ம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, காது, கண். பிறகு நரம்பியல் அல்லது மனநலப் பிரிவு. இவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடியாது, அவருடைய பழைய திறமையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தப் பழைய கணக்கு உங்கள் ஒருவர் தலையில்தான் இருக்கிறது. போன வருஷம் தனியாக எதையெல்லாம் செய்தார், எது எப்போது நின்றது என்று எழுதி எடுத்துப் போங்கள். பொத்தான் பாட்டிலை மறக்காமல் எழுதுங்கள், ஒரு டாக்டருக்கு அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதைத் தாண்டிய இவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கிறது. அம்மாவிடம் செய்த சத்தியம் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் செல்லாது, அந்த உத்தரவு செல்லும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். உங்களுக்கு அடுத்து யார் என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

கோயிலுக்குத் திரும்பவும் போகட்டும். தனியாக வேண்டாம், நீங்கள் கூடப் போங்கள். போகும்போது அந்தக் கண்டக்டருக்கும் பூசாரிக்கும் டீக்கடைக்காரருக்கும் ‘இவனுக்கு இப்போ வழி மறக்குது, கண்டா எனக்கு போன் பண்ணுங்க’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் நம்பரை அவர் சட்டைப் பையின் உள்பக்கம் தைத்து வையுங்கள். அது உங்களுக்கு அரை நிமிஷ வேலை. சாயந்திரம் அவர் ‘நீ யாரு’ என்றால், ‘நான்தான்டா அக்கா’ என்று மட்டும் சொல்லுங்கள். சோதிக்காதீர்கள், அதட்டாதீர்கள்.

3,000 ரூபாயைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இன்றைக்கே கோவைக்குப் போன் போடுங்கள். கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன்னால், ‘பொங்கலுக்கு நீ கேட்டியே, நீ சொன்னது சரிதான்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட வா’ என்று சொல்லுங்கள். பணம் அனுப்புகிறவர் லீவு போட்டும் வரட்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.